செம்பா நின்ற மூலை

நெட்டூரணியில் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. நாலு பேர் நாலு மூலையில் நின்றால் அவர்களுக்கு நடுவில் வீடு தானாக விறைத்துக்கொள்ளும், துவைத்த சேலையை நாலு பேர் பிடித்து இழுத்த மாதிரி. எல்லா வீடும் இணைகரம்தான். சில வீடுகள் செவ்வகமாக அமைந்துவிடும். அந்த வீட்டுப் பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள். வீட்டில் ஐந்தாவது ஆள் இருந்தால் மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில் படுத்துக்கொள்ளலாம். தொட்டிலும் அங்கேதான் கட்டுவார்கள்.

ஊரின் நடுவில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து கிழக்கே எத்தனை தப்படி, வடக்கே எத்தனை தப்படி என்ற இரண்டு எண்கள்தான் ஒவ்வொருவருக்கும் விலாசம். மேற்கிலும் தெற்கிலும் குடியிருப்பவர்களின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுவார்கள். அவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர்கள் செருப்பைத் தங்கள் மூலையில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். ஆள் திரும்பும்வரை செருப்பு மூலையைப் பிடித்துக்கொள்ளும். செருப்போடு போனால் மூலையும் ஆளோடு போய்விடும். அதனால் நெட்டூரணிக்காரர்களை எந்த ஊர் பஸ்ஸிலும் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தங்கமாரியின் வீட்டில் நாலு பேர். அவள் புருஷன் பால்பாண்டி கிழக்கே பன்னிரண்டு, வடக்கே இருபது. தங்கமாரி கிழக்கே இருபது, வடக்கே எட்டு. மூத்தவள் கார்த்திகா, பத்தாம் வகுப்பு, கிழக்கே முப்பத்தாறு, வடக்கே பதினாலு. நாலாவது மூலையில் சின்னவள் செம்பா நின்றாள். முழுப்பெயர் செண்பகவல்லி, ஆறு வயது. அவளுடைய எண்கள் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு மூலை போய்விட்டால் அதன் எண்களும் கூடவே போய்விடும், வீட்டின் நடுப்புள்ளியும் போய்விடும். அது அந்த ஊர் வழக்கம்.

மூலை போனது ஐப்பசியில், கண்மாய் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் சந்தையில் தங்கமாரி சின்னவளுக்குச் சிவப்புச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். நடந்தால் பீப், பீப் என்று கத்துகிற செருப்பு. காலையில் அவளே மாட்டியும் விட்டாள். செம்பா வீட்டை நாலு சுற்றுச் சுற்றினாள். பிறகு வெளியே ஓடினாள். "கழட்டி வெச்சிட்டுப் போடி" என்று தங்கமாரி சொல்லியிருக்க வேண்டும். சட்டியில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. கிளறிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். பீப், பீப் என்ற சத்தம் கொஞ்ச தூரம் போனது, அப்புறம் கேட்கவில்லை.

மதியம் வீட்டின் ஒரு முனை தளர்ந்து மண்ணில் விழுந்தது. நனைந்த முந்தானை மாதிரி கிடந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு பெண் விழுந்த முனையை எடுத்து மண்ணைத் தட்டி மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அளவை அலுவலகத்திலிருந்து சர்வேயர் தேவசகாயம் வந்தார். இரும்புச் சங்கிலி, நீளமான பதிவேடு, தூக்குவாளி. மூன்றையும் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தார். செம்பாவின் வரி வெள்ளையாக இருந்தது.

"முப்பது நாள் இருக்கும்மா" என்றார். "அதுக்குள்ள நாலாவது மூலையைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும். இல்லைன்னா உங்களை முக்கோணமாப் பதிஞ்சிருவேன்."

"பதிஞ்சா என்ன சார் ஆகும்?" என்று பால்பாண்டி கேட்டான்.

"ஒண்ணும் ஆகாது. முக்கோணம் நல்லா ஸ்திரமா நிக்கும். சிரமமே இல்லை. ஆனா அதுக்கப்புறம் நாலாவது மூலையைத் தேடக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது."

தங்கமாரி அந்த வெள்ளை வரியைப் பார்த்தாள். "கணக்குப் போட்டா வந்துருமில்ல சார்?" என்றாள்.

"வந்துரும். மூணு மூலை தெரியுது. சின்னவளுக்கு எதிர்மூலையில யார் நின்னாங்கன்னு தெரிஞ்சா போதும். பக்கத்து மூலைக்காரங்க ரெண்டு பேரையும் கூட்டி, எதிர்மூலைக்காரரைக் கழிச்சா, ஆள் நிக்கிற இடம்."

வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டு யாருக்கு யார் எதிர் என்று யார் பார்க்கிறார்கள்?

சர்வேயர் பதிவேட்டில் உள்ள வரிசையை எடுத்துக்கொண்டார். நெட்டூரணியில் வாக்கப்பட்டு வந்த பெண்ணின் பெயரை உடனே எழுத மாட்டார்கள். முதல் பிள்ளை பிறந்த பிறகு, அந்தப் பிள்ளையின் பெயருக்குக் கீழேதான் எழுதுவார்கள். அதனால் வரிசை பால்பாண்டி, கார்த்திகா, தங்கமாரி, பிறகு வெள்ளை வரி என்று இருந்தது. வீட்டைச் சுற்றி அந்த வரிசையில்தான் நின்றார்கள் என்று வைத்துக்கொண்டால் செம்பாவுக்கு எதிர் கார்த்திகா.

தங்கமாரி பத்தாவது படித்தவள். கணக்கில் நாற்பத்திரண்டு மார்க். கூட்டல் கழித்தலில் பயம் கிடையாது. கார்த்திகா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத, தாயும் மகளும் சேர்ந்து போட்டார்கள். அப்பாவையும் அம்மாவையும் கூட்டி, அக்காவைக் கழித்தார்கள். மேற்கே நாலு, வடக்கே பதினாலு.

"நான் கழிஞ்சிட்டேன்" என்றாள் கார்த்திகா.

"கணக்குக்குத்தாண்டி" என்று சொல்லித் தங்கமாரி அவள் தலையைத் தடவினாள்.

மேற்கே நாலு, வடக்கே பதினாலு என்பது பஸ் நிறுத்தம். தங்கமாரி தன் செருப்பை மூலையில் வைத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். சரியாக அந்தப் புள்ளியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இது எங்க சின்னவ இடம்" என்றாள் தங்கமாரி.

அவர் எழுந்து நின்று புள்ளியைக் காட்டினார். யாரும் இல்லை. "பாத்துக்கம்மா. பதினோரு வருசமா நாந்தான் இருக்கேன்."

"நீங்க யாரு?"

"கீழப்பட்டியில ஒரு வீட்டோட தப்பான விடை. எங்க வீட்ல எங்க அண்ணனைக் கழிக்கிறதுக்குப் பதிலா எங்க மதினியைக் கழிச்சிட்டாங்க. இங்க வந்து விழுந்துட்டேன். என்னைக்காவது கணக்கைத் திரும்பப் போடுவாங்கன்னு இருக்கேன்."

"சொல்லி அனுப்பலாமில்ல?"

"சொல்லி அனுப்பினேன். முக்கோணமாப் பதிஞ்சிட்டாங்களாம்." அவர் கிண்ணத்தைப் பார்த்தார். தங்கமாரி கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் குழாயடியில் கழுவிக் கொடுத்தார்.

இரண்டாவது கணக்கைப் பத்து நாள் கழித்துப் போட்டார்கள். பால்பாண்டிதான் சொன்னான். செம்பா அவன் வேலையிலிருந்து வரும்போது நேர் எதிரே நின்று கையாட்டுவாளாம். அதனால் எதிர்மூலை தானாகத்தான் இருக்க வேண்டும் என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தங்கமாரி மறுக்கவில்லை. அம்மாவையும் அக்காவையும் கூட்டி, அப்பாவைக் கழித்தார்கள். கிழக்கே நாற்பத்துநாலு, வடக்கே இரண்டு.

அது ராக்கு மதினியின் சமையல் இடம். ராக்கு மதினியின் வீடு செவ்வகம். மூலைக்கு மூலை தொண்ணூறு பாகை, ஒரு நூல் பிசகாது. அதைப் பற்றி அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது பேசுவாள்.

"வா மாரி, வா. எங்க வீட்ல எதையும் ஈஸியாத் தேடிரலாம். உங்க வீடு மாதிரி சாஞ்சு கெடக்கிற வீட்லதான் பிள்ளைங்க உருண்டு ஓடிருதுங்க" என்றாள்.

"ஆமா மதினி. உங்க செவ்வகத்துல தோசை கூட சதுரமாத்தான் வருதாம்ல" என்றாள் தங்கமாரி.

ராக்கு மதினி சிரித்தாள். பிறகு அந்தப் புள்ளியில் இருந்த கிரைண்டரை இரண்டு பேரும் சேர்ந்து நகர்த்தினார்கள். கிரைண்டருக்கு அடியில் காய்ந்த மாவும் ஒரு கரப்பானும் இருந்தன. தங்கமாரி குனிந்து விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கிரைண்டரைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார்கள்.

தங்கமாரி கிளம்பும்போது ராக்கு மதினி அவள் கையைப் பிடித்தாள். "எங்க நித்யாவைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா? நின்னா நிப்பா. அவளுக்கும் ஆறு வயசுதான்."

"அவ வந்துட்டா உங்க செவ்வகம் என்ன ஆகும்?"

"அது கெடந்துட்டுப் போகுது."

"வேணாம் மதினி" என்றாள் தங்கமாரி. ஆனால் பிடித்த கையை உடனே விடவில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வீட்டின் விழுந்த முனை இரண்டு மழையில் நனைந்து ஓரம் பாசி பிடித்தது. தங்கமாரி அதை உலர்த்தினாள். பால்பாண்டி வேலைக்குப் போய் வந்தான். கார்த்திகாவுக்கு அரைப் பரீட்சை வந்தது. மூன்றாவது கணக்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஊரிலும் யாரும் அதைப் போடச் சொல்லவில்லை. கண்மாய்ப் பக்கமாகத் தண்ணீருக்குப் போகும் பெண்கள் தங்கமாரியைப் பார்த்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வேறு பேச்சு பேசினார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கார்த்திகா நோட்டை எடுத்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கமாரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னொரு விடை இருக்கு."

"தெரியும்டி."

"எப்பல இருந்து?"

"மொத நாள்ல இருந்து. நாற்பத்திரண்டு மார்க் வாங்கினவடி நானு."

கார்த்திகா நோட்டைப் பிரித்தாள். விடை ஏற்கெனவே எழுதியிருந்தது. பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது. "நீ சோத்துக் கிண்ணத்தைத் தூக்கினா அவ எங்கம்மா ஓடுவா? அப்பா மூலைக்கும் ஓட மாட்டா, என் மூலைக்கும் ஓட மாட்டா. உன்கிட்ட இருந்து எது ரொம்பத் தூரமோ அங்கதான் போய் நின்னு வாயை மூடிக்குவா. எதிர்மூலை நீதான்."

தங்கமாரி கீரைத் தண்டை ஒடித்தாள். அப்பாவையும் அக்காவையும் கூட்டி, அம்மாவைக் கழிக்க வேண்டும். பன்னிரண்டும் முப்பத்தாறும் நாற்பத்தெட்டு, அதில் இருபது போனால் இருபத்தெட்டு. இருபதும் பதினாலும் முப்பத்துநாலு, அதில் எட்டு போனால் இருபத்தாறு. கிழக்கே இருபத்தெட்டு, வடக்கே இருபத்தாறு. கண்மாய்க் கரை வடக்கே இருபத்திரண்டில் முடிகிறது. அதற்கு மேலே தண்ணீர்.

"நாலு தப்படி உள்ள" என்றாள் கார்த்திகா.

"ம்."

"நான் அழிச்சிரட்டா?"

"வேணாம். கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள் தங்கமாரி. கீரையை அலசி அடுப்பில் ஏற்றினாள்.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தேவசகாயம் வந்தார். சங்கிலி, பதிவேடு, தூக்குவாளி, வெளிர் நீலத்தில் முக்கோணப் படிவம். படிவத்தில் மூன்று கையெழுத்துக்கு மூன்று கோடுகள் இருந்தன. தங்கமாரி தலைவாரிப் பூ வைத்திருந்தாள். இருபத்தெட்டு, இருபத்தாறு என்று சொன்னாள். சர்வேயர் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சரியான விடைம்மா. ஆனா கரைக்கு அந்தப் பக்கம் பதியறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. தண்ணியில சங்கிலி போடக் கூடாது."

"அது தெரியும் சார். நான் என் மூலையை மாத்திக்கலாமா?"

அவர் பதிவேட்டின் முன்பக்கத்தில் இருந்த விதிகளை விரல் வைத்துப் படித்தார். "மாத்தலாம். மத்த ரெண்டு பேரும் அசையக் கூடாது. நீங்க ஒரு தப்படி நகர்ந்தா உங்க எதிர்மூலையும் ஒரு தப்படி நகரும். நீங்க வடக்க போனா அவங்க தெக்க."

"என் பக்கம்னு சொல்லுங்க சார்."

"உங்க பக்கம்" என்றார் சர்வேயர்.

பால்பாண்டி தன் மூலையில் போய் நின்றான். கார்த்திகா தன் மூலையில் நின்றாள். ராக்கு மதினி வேலியோரம் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தங்கமாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் கிழக்கே நாலு தப்படி வைத்தாள். அங்கே கண்மாய்க்குள் தண்ணீர் மேற்குப் பக்கமாக நாலு தடவை அலம்பியது.

பிறகு வடக்கே திரும்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீர் கரையை நோக்கிச் சுருங்கிச் சுருங்கி வந்தது. நாலு. கரையில் ஒரு ஈரம் ஏறியது.

ஐந்தாவது தப்படி வைத்தபோது, எதிரே, பீப் என்றது.

தங்கமாரி நின்றாள். சத்தமும் நின்றது.

"தண்ணி புகுந்த செருப்பு. சத்தம் கம்மியாத்தான் வரும்" என்றான் பால்பாண்டி. மூலையை விட்டு அவன் அசையவில்லை.

ஆறு. பீப். ஏழு. பீப். எதிரே யாரும் தெரியவில்லை. மண்ணில் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன. எட்டு. பீப்.

"ஏம்மா" என்று சர்வேயர் கூப்பிட்டார். "இன்னும் ஒரே ஒரு தப்படிதான். அதுக்கு மேல வெச்சா ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் தாண்டிப் போயிருவீங்க. அந்தப் புள்ளியிலயே நின்னுட்டாலும், நாலு மூலையும் ஒரே கோட்டுல விழுந்துரும். அப்புறம் உங்க வீட்டுக்கு உள்பக்கம்னு ஒண்ணு இருக்காது. யோசிச்சுக்கங்க."

"பரவாயில்ல சார். வெளியிலயே இருந்துக்கிறோம்" என்றாள் தங்கமாரி. பால்பாண்டியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். கார்த்திகாவைப் பார்த்தாள். கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருபத்துநாலு, பதினேழு. நில்லும்மா" என்றாள்.

தங்கமாரி ஒன்பதாவது தப்படியை வைத்தாள். பீப் என்ற சத்தம் அவள் காலுக்கு அடியிலிருந்தே வந்தது. மேலே பார்த்தாள். தொட்டில் கட்டிய கொக்கி வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

தேவசகாயம் சங்கிலியைப் போட்டு அளந்தார். பால்பாண்டியிலிருந்து கார்த்திகா வரை இருபத்தைந்து தப்படிக்குக் கொஞ்சம் குறைவு. சரிபாதியில் தங்கமாரி. பதிவேட்டின் வெள்ளை வரியில் செண்பகவல்லி என்று எழுதி, எதிரே இருபத்துநாலு, பதினேழு என்று போட்டார். தங்கமாரியின் பழைய எண்களை அடித்துவிட்டு அவளுக்கும் அதையே போட்டார். பரப்பளவு இருநூற்று நாற்பது என்று இருந்ததைத் திருத்திச் சுழியம் என்று எழுதினார். வடிவம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, இணைகரம் என்பதை அப்படியே விட்டுவிட்டார். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாகத்தான் இருந்தன.

நீலப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு மெதுவாகச் சுருண்டு ஒரு கயிறாகி நின்றது. சாயங்காலமே கார்த்திகா அதில் துணி காயப்போட்டாள். கோட்டில் மழை விழுவதில்லை என்பதால் துணி சீக்கிரம் காய்ந்தது. பால்பாண்டி வேலைக்குப் போகும்போது ஒரு ஓரத்தில் செருப்பை விட்டான். கார்த்திகா மறு ஓரத்தில் விட்டாள். தங்கமாரி தண்ணீருக்குப் போகும்போது தன் செருப்பைக் கழற்றினால் மேலே சின்னதாக ஒரு சிவப்புச் சோடியும் கழன்று உட்காரும். இரண்டையும் நேராக வைத்துவிட்டுப் போவாள்.

வீடு கயிறான அன்று மதியம் அவள் பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு பிசைந்தாள். ஒரு வாய் உருட்டி, பழக்கத்தில், எதிர்ப்பக்கம் கையை நீட்டினாள். அங்கே காற்றுத்தான் இருந்தது. ஒரே புள்ளி என்பது ஞாபகம் வந்து, கையைத் திருப்பித் தன் வாய்க்குக் கொண்டுவந்தாள். வாய் இறுக்க மூடிக்கொண்டது. முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"ஒரே ஒரு வாய்டி செம்பா" என்றாள் தங்கமாரி. "அந்தா பாரு, தொட்டி மேல காக்கா."

முகம் மெதுவாகத் தொட்டியின் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது.